ஆஸ்திரேலியா வருகிறேன்: சைக்கிள் எங்கே வாடகைக்கு எடுக்கலாம், எங்கே ஓட்டலாம்?

மன்னை மாணிக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் 34 வருடம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன். மன்னார்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கடிதமும் மணியார்டரும் சைக்கிளில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை முடிந்தது, சைக்கிள் மட்டும் விடவில்லை. இன்றைக்கும் விடிகாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்தால்தான் எனக்குக் காபி இறங்கும்.

செப்டம்பர் நடுவில் நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியா வருகிறோம். மகள் சிட்னியில் பெண்டில் ஹில்லில் இருக்கிறாள். அங்கே நாலு வாரத்துக்கு மேல். நடுவில் மெல்போர்னில் நாலு நாள், கான்பெர்ராவில் இரண்டு நாள். கடைசியில் பெர்த்தில் என் தம்பி மகன் வீட்டில் ஐந்து நாள். பேரனுக்கு எட்டு வயது. போன மாதம்தான் அவன் சைக்கிளில் இருந்து பக்கச் சக்கரங்களைக் கழற்றினார்களாம். வீடியோவில் ஓட்டிக் காட்டிவிட்டு, "தாத்தா, நீங்க வந்ததும் ரெண்டு பேரும் போகலாம்" என்றான். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு.

மகளுக்குப் பயம். "ரோட்டில் கார் எல்லாம் அறுபது, எண்பதில் போகும்ப்பா, உங்களை விடமாட்டேன்" என்கிறாள். மருமகன், போனில் ஒரு ஆப் போட்டால் தெருவிலேயே சைக்கிள் நிற்கும், எடுத்து ஓட்டிவிட்டு அங்கேயே விட்டுவிடலாம் என்கிறார். இரண்டில் எது சரி? வாடகைக் கடைகள் இருக்கின்றனவா? கார் வராத பாதை உண்டா? சட்டதிட்டம் என்ன? நான் ஓட்டியதெல்லாம் கம்பி பிரேக் போட்ட ஹெர்குலிஸ்தான், கியர் சைக்கிள் தொட்டதில்லை. மேடு ஏறினால் வலது முழங்கால் கொஞ்சம் வலிக்கும். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வென்டி வாசுகி:

ஐயா, வணக்கம். நான் உங்கள் மகள் வீட்டுக்கு அடுத்த ஸ்டேஷன், வென்ட்வொர்த்வில். நர்ஸ் வேலை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போகிற பழக்கம் எனக்கு ஒன்பது வருடமாக உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மகள் சொல்வதும் சரி, மருமகன் சொல்வதும் சரி. ரோடு உங்களுக்கு வேண்டாம். ஆனால் இந்த ஊர்களில் ஆறும் கடலும் ஏரியும் இருக்கிற இடமெல்லாம், அதை ஒட்டி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துப் பாதை போட்டிருக்கிறார்கள். கார் ஏறவே முடியாது. எந்த நகரத்துக்குப் போனாலும் முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பாதை அங்கேதான் இருக்கும்.

முதலில் ஹெல்மெட். இது இங்கே கட்டாயம். 1990 ஜூலையில் விக்டோரியா மாநிலம்தான் உலகத்திலேயே முதலில் சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டம் போட்டது. 1992க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸில் போடாமல் பிடிபட்டால் அபராதம் 300 டாலருக்கு மேல். ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். இங்கே விற்கிற ஹெல்மெட்டின் உள்பக்கம் ஏஎஸ்/என்ஸட்எஸ் 2063 என்ற முத்திரை இருக்கும், அது இருக்க வேண்டும். கேமார்ட் மாதிரி கடையில் இருபது, இருபத்தைந்து டாலரில் நல்லதே கிடைக்கும். சைக்கிளில் பெல் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு.

இப்போது ஆப் சைக்கிள். லைம் போன்ற கம்பெனிகளின் மின்சார சைக்கிள்கள் சிட்னி நகரத்துக்குள் நிறைய நிற்கும். பூட்டைத் திறக்க ஒரு தொகை, அப்புறம் நிமிடத்துக்கு இவ்வளவு என்று ஏறும். ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு, ஒரு பார்க்கிலிருந்து இன்னொரு பார்க்குக்கு என்றால் அது வசதி. ஒரு நாள் முழுக்க ஓட்டுவதற்கு அது சரிப்படாது. கனமான வண்டி, கீழே சாய்ந்தால் தூக்கி நிறுத்தவே மூச்சு வாங்கும். ஹெல்மெட் வண்டியிலேயே தொங்க வேண்டும், பல நேரம் யாராவது கொண்டுபோயிருப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்படி ஒரு வண்டியை எடுத்துப்போய் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் நிறுத்திவிட்டு மேலே போனேன். அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. நான் முடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்க, கணக்கு மூன்று மணி நேரம் ஓடியிருக்கிறது. எழுதி எழுதிக் கேட்டு, பாதிப் பணம்தான் திரும்ப வந்தது. எடுத்தால் வெட்டவெளியில் நிறுத்துங்கள். ஆப்பில் "பயணம் முடிந்தது" என்று வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது வேறு. சிட்னியில் நாலு வாரத்துக்கு மேல் இருக்கப்போகிறீர்கள். வாடகை வேண்டாம், பழைய சைக்கிள் ஒன்று வாங்கிவிடுங்கள். ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், கம்ட்ரீ இரண்டிலும் நூறு டாலர் பக்கத்தில் நல்ல நிலையில் உள்ளது கிடைக்கும். கடை வாடகையில் இரண்டு மூன்று நாளுக்கே அந்தத் தொகை போய்விடும். ஊருக்குக் கிளம்பும்போது விற்றுவிடலாம், இல்லையென்றால் மகளிடமே இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம். விற்பவர் வீட்டுக்கு நேரில் போய் வாங்குங்கள். எப்போது, எங்கே வாங்கியது என்று கேளுங்கள். தடுமாறினால் விட்டுவிடுங்கள், அது திருட்டு வண்டியாக இருக்கலாம்.

பேரனோடு எங்கே போவது? பாரமட்டா பார்க். பெண்டில் ஹில்லில் ரயிலில் ஏற்றினால் சில நிமிடத்தில் பாரமட்டா. சிட்னி ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. கூட்ட நேரத்தில் மட்டும் ஏறாதீர்கள். பார்க்கில் அவன் கை நன்றாகப் படிந்ததும், அங்கிருந்தே தொடங்குகிற பாரமட்டா ஆற்றுப் பாதையில் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பாதை அதுதான். கண்டல் காட்டுக்கு நடுவில் பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். சக்கரம் போகும்போது பலகை ஒவ்வொன்றாகக் கடகடவென்று சத்தம் போடும். கீழே சேற்றில் நண்டு ஓடும், வேர்கள் ஈட்டி மாதிரி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பிச்சாவரம் போயிருந்தால் உங்களுக்கு அந்த வாசனையே பழக்கமாக இருக்கும்.

மெடோபேங்க் வரை போனால் ஜான் விட்டன் பாலம் வரும். 1886இல் ரயிலுக்காகக் கட்டியது, இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அதைத் தாண்டினால் ரோட்ஸ் என்ற பகுதி. அங்கிருந்து பென்னலாங் பாலம். இது 2016இல் திறந்தது, பஸ்ஸும் சைக்கிளும் மனிதர்களும் போகலாம், சொந்தக் காருக்கு அனுமதி இல்லை. பாலம் இறங்கினால் ஹோம்புஷ் விரிகுடா. தண்ணீருக்குள் ஒரு பழைய கப்பல் துருப்பிடித்து நிற்கும், பெயர் எஸ்எஸ் ஏர்ஃபீல்ட். 1911இல் கட்டிய கப்பல், 1972இல் உடைப்பதற்காக அங்கே கொண்டுவந்தார்கள், உடைக்காமலே நின்றுவிட்டது. இப்போது அதன் வயிற்றுக்குள் கண்டல் மரங்கள் காடாக வளர்ந்து வெளியே வழிகின்றன. எட்டு வயதுப் பையன் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டான், நேரம் வைத்துக்கொண்டு போங்கள். அதை அடுத்து ஒலிம்பிக் பார்க், உள்ளே எங்கும் சைக்கிள் பாதைதான்.

திரும்பும்போது மிதிக்க வேண்டாம். ஒலிம்பிக் பார்க் துறையில் பாரமட்டா படகில் சைக்கிளோடு ஏறிவிடுங்கள். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் நேரங்களில் படகு பாரமட்டா வரை போகாமல் ரைடல்மியர் துறையிலேயே நின்றுவிடும், கிளம்புமுன் நேர அட்டவணையைப் பாருங்கள்.

நடைபாதையைப் பற்றி ஒரு விஷயம். இங்கே பெரியவர்கள் சாதாரண நடைபாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஓட்டலாம், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பெரியவரும் ஓட்டலாம். ஆக, பேரன் கூட இருந்தால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நீங்களும் நடைபாதையிலேயே போகலாம். மகளிடம் இதைச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். ஆற்றுப் பாதை போல மனித உருவமும் சைக்கிளும் சேர்ந்து வரைந்த பலகை உள்ள இடத்தில் யாரும் ஓட்டலாம்.

தனியாகப் போகிற அன்றைக்கு ஹார்பர் பாலம் ஏறுங்கள். மேற்குப் பக்க ஓரத்தில் சைக்கிளுக்கு மட்டும் பாதை. நடப்பவர்கள் கிழக்குப் பக்கம். நான் முதல் தடவை போனபோது வடக்கு முனையில் 55 படியில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அப்போது அங்கே அந்தப் படிதான் வழி. உங்கள் முழங்காலுக்குப் படி வேண்டாம். தெற்குப் பக்கம் ஏறி, நடுப்பாலத்தில் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். ஐரன் கோவ் என்ற விரிகுடாவைச் சுற்றி 7 கிலோமீட்டர் பே ரன் பாதையும் மேடு இல்லாதது.

கான்பெர்ராவுக்கு இரண்டு நாள் போதும். அங்கே பர்லி கிரிஃபின் ஏரியை முழுக்கச் சுற்றினால் 28 கிலோமீட்டர் பக்கம் வரும். இரண்டு பாலங்களுக்கு நடுவே உள்ள பகுதி மட்டும் என்றால் சுமார் 5 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம். தேசிய நூலகம், பழைய நாடாளுமன்றம் எல்லாம் அந்த ஓரத்திலேயே. நாங்கள் தங்கிய விடுதியிலேயே சைக்கிள் வாடகைக்குக் கொடுத்தார்கள், அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். டவுன் பஸ்ஸின் முகப்பில் சைக்கிள் மாட்ட ஒரு தாங்கி இருக்கும், அதற்குக் காசு இல்லை. நீங்கள் வரும் நேரம் ஃப்ளோரியேட் மலர்க்காட்சியும் நடக்கும்.

கடைசியாக மேக்பை. நம் காக்கை அளவில் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். நீங்கள் வரும் செப்டம்பர், அக்டோபரில்தான் அது குஞ்சு பொரித்திருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் போகிறவர்களைப் பின்னாலிருந்து வந்து தாக்கும், சைக்கிள்காரர்களை அதிகமாக. போன வருடம் என் காதுக்குப் பக்கத்தில் "டக்" என்று அலகு அடித்தது. ஹெல்மெட் வாரில் பட்டதால் தப்பினேன். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், தள்ளிக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரனுக்கும்.

நல்லூரான்:

மாணிக்கம் அண்ணைக்கு வணக்கம். நான் மெல்பேர்ணில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், கோயில், கடற்கரை எல்லாம் சைக்கிளில்தான் போய் வளர்ந்தோம். அதனால் நீங்கள் எழுதினது எனக்கு நல்லாய் விளங்குது.

வாசுகி தங்கச்சி எல்லாம் வடிவாகச் சொல்லிவிட்டா. மெல்பேர்ணுக்கு நான் சொல்கிறேன். பழைய பயணக் கட்டுரைகளில் நீல நிறச் சைக்கிள்கள் நிலையத்தில் நிற்கும், எடுக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். அதை 2019இல் நிற்பாட்டிவிட்டார்கள், அதைத் தேடி அலையாதீர்கள். நாலு நாளுக்கு ஒரு சைக்கிள் கடையில் வாடகைக்கு எடுப்பதுதான் சரி. அடையாள அட்டையும் கடன் அட்டையும் கேட்பார்கள். உங்கள் உயரத்துக்கு இருக்கையை வைத்துத் தருவார்கள், பூட்டும் ஹெல்மெட்டும் சேர்த்துத்தான். கடை வாசலில் சைக்கிளில் ஒரு சுற்று ஓடிப் பார்க்காமல் வெளிக்கிடாதீர்கள். கம்பி பிரேக்கில் பழகின கை, அதே பலத்தோடு டிஸ்க் பிரேக்கை அமத்தினால் முன்சில்லு அப்படியே நின்றுவிடும், ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போவார். வலது கைதான் முன்பிரேக். இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல அமத்துங்கள்.

இந்த நகரத்தில் ஒரு சாமான் இருக்கிறது, சைக்கிள்காரன் அதற்கு மட்டும்தான் பயப்பட வேணும். டிராம் தண்டவாளம். மெல்பேர்ணுக்குள்ளேயே சிட்னி ரோட் என்று ஒரு வீதி, பிரன்ஸ்விக் பக்கம். 2014ஆம் ஆண்டு, மழை தூறி விட்டிருந்த ஒரு பின்னேரம், நிறுத்தியிருந்த காரின் கதவு திறக்குது என்று நான் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கினேன். முன்சில்லு தண்டவாளத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. இறங்கினால் ஹேண்டில் திரும்பாது. விழுவதற்கு முன் அரை நொடி, கை திருப்புது, சைக்கிள் நேரே போகுது. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை மாவுக்கட்டு. ஈரமான இரும்பு சவர்க்காரம் மாதிரி வழுக்கும். தண்டவாளத்தைக் கடக்க வேணும் என்றால் நேர்குத்தாக, குறுக்கே வெட்டிக் கடவுங்கள், சரிவாகப் போகவே வேண்டாம். மழை என்றால் இறங்கி உருட்டுங்கள். முன்னால் டிராம் நின்று கதவு திறந்தால், அதன் பின்னால் நின்றுவிட வேணும், ஆட்கள் ஏறி இறங்கிக் கதவு மூடும்வரை. நான் இப்போது அந்த வீதியால் போவதில்லை. அதற்கு ஒட்டினாற்போல ரயில் பாதை ஓரமாக அப்ஃபீல்ட் சைக்கிள் பாதை இருக்கு, அதால்தான்.

ஓடுகிற இடம் என்றால், முதல் நாள் கடற்கரை. செயின்ட் கில்டாவில் இருந்து தெற்காலே பிரைட்டன் வரை. முழுக்க சமதரை, வலப்பக்கம் கடல். பிரைட்டனில் கடற்கரை மணலில் வரிசையாகச் சின்னச் சின்ன மரக் குடில்கள், 80க்கு மேல், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நிறம். முழங்காலுக்கு நோவே தராத பாதை. ஆனால் போக முன் காற்றைப் பாருங்கள். தெற்குக் காற்று அடிக்கிற நாள் என்றால் போகும்போது கஷ்டப்பட்டு, வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மற்றப் பக்கமாக அடித்தால் திரும்பி வாற வழியில்தான் களைப்புத் தெரியும்.

இரண்டாம் நாள் யாரா ஆற்றுப் பாதை. நகரத்தில் இருந்து கிழக்காலே அபட்ஸ்ஃபோர்ட் வரை போங்கள். அங்கே பழைய கன்னியர் மடம் ஒன்று, இப்போது சாப்பாட்டுக் கடைகளும் கலைக்கூடங்களும். பக்கத்தில் சிறுவர் பண்ணை, கொஞ்சம் தள்ளி டைட்ஸ் நீர்வீழ்ச்சி. தெம்பு இருந்தால் அதிலிருந்து கேப்பிட்டல் சிட்டி பாதையைப் பிடித்து முழு வட்டமும் வரலாம், ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வட பகுதியில் அது பழைய ரயில் பாதை கிடந்த இடத்தால் போகும், அதனால் ஏற்றம் பெரிதாய் இல்லை. ரயில் எஞ்சினுக்கு ஏற்றம் கூடாது என்று வெட்டிச் சமன் செய்த தரை, உங்கள் முழங்காலுக்கும் அதுதான் வேணும்.

அப்படிப் பார்த்தால் உங்களுக்கு நான் மனதாரச் சொல்கிற இடம் லிலிடேல் முதல் வார்பர்ட்டன் வரை. நகர ரயிலில் சைக்கிளோடு லிலிடேலுக்குப் போகலாம், முதல் பெட்டியின் முதல் கதவால் மட்டும் ஏற்றக் கூடாது. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர், தண்டவாளம் எடுத்த பழைய ரயில் பாதை. மாட்டுப் பண்ணை, யூகலிப்டஸ் காடு, பழைய ஸ்டேஷன் மேடைகள். முழுக்கப் போக வேணும் என்று இல்லை, பாதி போய்த் திரும்பினாலே போதும். டிராமில் மட்டும் சைக்கிள் ஏற்ற விடமாட்டார்கள்.

ஆற்றங்கரை:

பிரிஸ்பேன் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனாலும் அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். இங்கே எந்த வயதினரும் நடைபாதையில் ஓட்டலாம். ஆற்றைக் கடக்க நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமான பாலங்கள் பல. கங்காரு பாயின்ட் பாலம் 2024 டிசம்பரில் திறந்தார்கள். நியூ ஃபார்ம் பக்கம் ஆற்றின் மேலேயே பாதை போகும். பழைய மிதவைப் பாதையை 2011 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, 2014இல் தூண் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். சிட்டிகேட் படகில் சைக்கிளோடு ஏறலாம்.

மன்னை மாணிக்கம்:

வாசுகி அம்மா, நல்லூரான் தம்பி, இரண்டு பேருக்கும் நன்றி. மகளுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நடைபாதை விஷயத்தைக் கேட்டதும் "சரிப்பா" என்று சொல்லிவிட்டாள். தம்பி, மணிக்கட்டு இப்போது சரியாக இருக்கிறதா?

இரண்டு சந்தேகம். கியர் சைக்கிளில் முழங்காலுக்கு எந்த கியர் நல்லது? இன்னொன்று, பெர்த்தில் என் மனைவியைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் சுற்றப் பிடிக்கவில்லை. அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இத்தனை வருடம் என் பின் கேரியரில் உட்கார்ந்து வந்தவள். அங்கே கேரியரில் ஏற்றலாமா?

வென்டி வாசுகி:

கேரியரில் ஆள் ஏற்றக் கூடாது ஐயா. ஆளுக்கென்று தனி இருக்கை வைத்த வண்டியாக இருந்தால்தான் சட்டம் அனுமதிக்கும்.

முழங்காலுக்கு, இருக்கையின் உயரம்தான் முதல் மருந்து. நம் ஊரில் இரண்டு காலையும் தரையில் ஊன்றுகிற மாதிரி தாழ்வாக வைத்து ஓட்டுவோம், முழங்கால் முழுக்க மடங்கியே மிதிக்கும், வலி அங்கேதான் வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரைக்கும் மிதித்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரம் சரி. அப்புறம் ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் கொஞ்சம் மடிப்பு இருக்கும், அது போதும். கியரில் எப்போதும் லேசானதைப் போடுங்கள். கால் வேகமாகச் சுற்ற வேண்டும், அழுத்தி மிதிக்கக் கூடாது. மேடு வருமுன்னரே கியரை மாற்றுங்கள், மேட்டின் நடுவில் அழுத்திக்கொண்டே மாற்றினால் சங்கிலி கழன்றுவிடும்.

பெர்த் பார்த்திபன்:

ஐயா, பெர்த்துக்கு வந்தால் ஒரு நாளை ராட்னெஸ்ட் தீவுக்கு ஒதுக்குங்கள். அம்மாவுக்கும் அங்கே வழி இருக்கிறது.

தீவில் சொந்தக் கார் கிடையாது. சைக்கிளும், சுற்றுலா பஸ்ஸும்தான். ஃப்ரீமேன்டிலில் இருந்து படகில் அரை மணி நேரம். படகு டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிள் வாடகையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், இறங்கும்போது வண்டி தயாராக இருக்கும். ஹெல்மெட் இங்கேயும் கட்டாயம். தீவைச் சுற்றி 22 கிலோமீட்டர் பக்கம் வரும். அம்மாவுக்கு நாள் டிக்கெட் எடுத்துவிட்டால் பஸ்ஸில் எந்த நிறுத்தத்திலும் இறங்கி ஏறலாம். நீங்கள் சைக்கிளில் ஒரு கடற்கரைக்குப் போய் நில்லுங்கள், அவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கட்டும். என் பெற்றோர் வந்தபோது அப்படித்தான் செய்தோம், மதியச் சாப்பாடு மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

வழியில் ஏற்ற இறக்கம் நிறைய, நீளமில்லை ஆனால் அடுத்தடுத்து வரும். முழங்காலை நினைத்தால் மின்சார சைக்கிள் கேளுங்கள், தயங்க வேண்டாம். மேற்கு முனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் இங்கே தென்மேற்கிலிருந்து கடல் காற்று பலமாக வீசும், ஃப்ரீமேன்டில் டாக்டர் என்பார்கள். காலையில் போய்விட்டால் திரும்பி வரும்போது அது முதுகில் இருக்கும். தண்ணீரைக் குடியிருப்புப் பகுதியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

குவாக்கா என்று பூனை அளவில் ஒரு பிராணி, காலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முன்கூடையில் சாப்பாட்டுப் பை இருந்தால் ஏறி எடுத்துவிடும். தொடுவதும் தீனி கொடுப்பதும் குற்றம், அபராதம் உண்டு. உட்கார்ந்து பார்த்தால் போதும், அதுவே பக்கத்தில் வரும்.

நகரத்துக்குள் என்றால் ஸ்வான் ஆற்றின் இரண்டு கரையையும் சேர்த்து, நேரோஸ் பாலத்தில் ஏறி, காஸ்வே என்ற இன்னொரு பாலத்தின் பக்கம் கடந்து வந்தால் 10 கிலோமீட்டர் வட்டம், சமதரை. காஸ்வே பக்கத்தில் 2024 கடைசியில் பூர்லூ பாலம் திறந்திருக்கிறார்கள், அது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். அங்கே தம்பி மகன் வீட்டிலேயே பழைய சைக்கிள் இருக்கிறதா என்று கேளுங்கள், பாதி வீடுகளில் கராஜில் ஒன்று தூங்கும்.

மன்னை மாணிக்கம்:

சிட்னியிலிருந்து எழுதுகிறேன். வந்து பத்து நாள் ஆகிறது.

வாசுகி அம்மா சொன்னபடி பழைய சைக்கிள் ஒன்று தொண்ணூறு டாலருக்கு வாங்கினோம், டூங்காபியில் ஒரு வயதான அம்மாவிடம். அவர் கணவர் ஓட்டியதாம், காற்றில்லாமல் கராஜில் நின்றது. டியூப் இரண்டும் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு நானே சரி செய்தேன். இருக்கையை நீங்கள் சொன்ன உயரத்துக்கு ஏற்றினேன். முதல் நாள் தடுமாறியது, கால் தரைக்கு எட்டாத பயம். மூன்றாம் நாள் பழகிவிட்டது. நேற்று 19 கிலோமீட்டர் ஓட்டியும் முழங்கால் வலிக்கவில்லை.

நேற்றுதான் பேரனோடு அந்தக் கப்பலைப் பார்த்தேன். பலகைப் பாலத்தில் அவன் முன்னால் போனான், நான் பின்னால். ஆளைத் தாண்டும்போதெல்லாம் பெல் அடித்து "எக்ஸ்க்யூஸ் மி" சொன்னான், அவனாகவே. கப்பலுக்கு எதிரில் கரையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம், அந்த மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். படகில் திரும்பினோம், தூங்கிவிட்டான், ஹெல்மெட்டோடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே தபால்காரர் மூன்று சக்கர மின்சார வண்டியில் நடைபாதையிலேயே வருகிறார். வாசலில் நிறுத்திப் பேசினேன். மகள்தான் மொழிபெயர்த்தாள். 34 வருடம் என்று சொன்னதும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். நாய் தொந்தரவு உண்டா என்று நான் கேட்க, முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினார். நானும் என்னுடையதைக் காட்டினேன்.

வியாழக்கிழமை மெல்போர்ன். நல்லூரான் தம்பி, செயின்ட் கில்டாவுக்கு எத்தனை மணிக்கு வந்தால் காற்று குறைவாக இருக்கும்? பார்த்திபன் தம்பி, தீவுக்கு மின்சார சைக்கிள் ஒன்றும் பஸ் டிக்கெட் ஒன்றும் என்று எழுதி வைத்துக்கொண்டேன். மனைவி, மதியச் சாப்பாட்டுக்குப் புளிசாதம் கட்டித் தருகிறேன் என்கிறாள். கூடையில் வைக்காமல் முதுகுப் பையில் வைத்தால் குவாக்காவிடமிருந்து தப்புமா?